பத்தரைக்குள் மாட்டிய புஷ்

போன வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, என் சொந்தத் தம்பியை அடிப்பதற்கு ஒரு ஸ்பேனர் தேடினேன். பெரிய ஸ்பேனர்.

கிடைக்கவில்லை. அது அவன் கையில் இருந்தது.

ஒரு வாரம் ஆகிவிட்டதே, கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆறவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். யார் மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

என்னிடம் ஒரு பழைய ஜப்பான் வேன் இருக்கிறது. மலேசியாவில், கூலிமுக்கு வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் எங்கள் வீடு. அங்கிருந்து பசாருக்குக் காய்கறி ஏற்றுவது இந்த வேனில்தான். ஆனால் இந்த வேனின் உண்மையான வேலை அது இல்லை. செவ்வாய், வியாழன், சனி — மூன்று நாளும் என் அண்ணன் மாணிக்கத்தை டயாலிசிஸ் மையத்துக்குக் கொண்டுபோய்விட்டுக் கொண்டுவர வேண்டும். அதுதான் அதன் வேலை.

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிறகு கிட்னியும் போய்விட்டது. வேனின் பின்கதவைத் திறந்து, பலகையைச் சாய்த்து, சக்கர நாற்காலியோடு அப்படியே மேலே தள்ளி ஏற்றிவிடுவேன்.

'ஏன், யாராவது பக்கத்து வீட்டுக்காரர் காடியில் ஏற்றிப் போகக்கூடாதா' என்று கேட்பீர்கள். போனோம். ஒரு தடவை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கி அந்தக் காரின் முன்சீட்டில் உட்காரவைக்கும்போது, அவர் இடது கை கதவில் இடித்துவிட்டது. ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து வைத்திருக்கும் கை அது. வீங்கிவிட்டது. அந்தக் கையில் ஊசி போட இரண்டு தவணை மையத்துத் தாதிகள் பட்ட பாட்டை நான் நேரில் நின்று பார்த்தேன். அதற்கு முன்னால் ஒரு முறை, வெள்ளத்தில் ரோடு அடைத்துக்கொண்டு ஒரு தவணை தவறியது. நீர் நெஞ்சுக்கு ஏறி, மூச்சு முட்டி, வார்டில் படுத்தார். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வை... அதை விடுங்கள்.

ஆக, சனிக்கிழமை காலை ஆறரைக்கு அவர் மையத்தில் இருக்க வேண்டும். ஏழு மணிக்குப் போனால்கூடப் பரவாயில்லை. போகாமல் இருக்க முடியாது.

இப்போது வேனின் கதை.

மூன்று மாதமாகவே கிளட்ச்சை மிதித்தால் கீழே எங்கேயோ 'டக்' என்று ஒரு சத்தம். நான் என்ன செய்தேன்? ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். ஆமாம், நான்தான். தம்பியைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வியாழக்கிழமை மையத்திலிருந்து திரும்பும்போது ட்ராஃபிக் லைட்டில் பச்சை விழுந்தது. கிளட்ச்சைத் தரையோடு மிதித்து கியரைப் போட்டேன். விழவில்லை. 'கர்ர்ர்' என்றது. மறுபடி போட்டேன். மறுபடி கர்ர்ர். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.

அண்ணன் பின்னாலிருந்து கேட்டார்: "என்னாம்மா, மசாலா அரைக்கிறியா?"

"சும்மா இருங்கண்ணே."

"இல்ல, மிளகா வாசம் வரலயே, அதான் கேட்டேன்."

இன்ஜினை அணைத்து, முதல் கியரைப் போட்டு, அப்படியே ஸ்டார்ட் செய்து, குதித்துக் குதித்து வீடு வந்து சேர்ந்தோம்.

ஆ செங் வந்தார். கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து வேலை செய்யும் மெக்கானிக். தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்த சீனர். என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் மலாய்க்கு மாறிவிடுவார். மத்தியானமே எங்கள் வீட்டு முன்கூரையின் கீழ் வேனை ஜாக்கியில் நிறுத்தி, கியர் பெட்டியைக் கீழே இறக்கினார். அதன் முன்னால் மணி கவிழ்த்த மாதிரி ஒரு மூடி இருக்கும் — பெல் ஹவுசிங். அதைக் கழற்றி எடுத்து எனக்குக் காட்டினார்.

"கிளட்ச் பிளேட்டு நல்லாதான் இருக்கு. இத பாரு."

கிளட்ச்சை மிதிக்கும்போது ஒரு தண்டு திரும்ப வேண்டும். அந்தத் தண்டின் இரண்டு பக்கமும் இந்த மூடியில் இரண்டு துளைகளில் உட்கார்ந்திருக்கும். துளைக்குள் தண்டுக்கு ஒரு வெண்கல வளையம். அதுதான் புஷ். இரண்டு புஷ்ஷும் தேய்ந்துபோய், தண்டு கிழவன் பல் மாதிரி ஆடியது. தண்டு ஆடினால் மிதிக்கிற மிதியில் பாதி அந்த ஆட்டத்திலேயே போய்விடும். கிளட்ச் முழுசாக விடாது. கியர் மசாலா அரைக்கும். விஷயம் இவ்வளவுதான்.

புதுப் புஷ் பினாங்கில் ஒரு கடையில்தான் இருந்தது. ஒரே ஒரு ஜோடி. ஆ செங் ஆளைப் பிடித்து அன்று சாயங்காலமே வரவழைத்துவிட்டார். துளை வாயில் வைத்துப் பார்த்தார். உள்ளே போகவில்லை.

"சின்னத் துளையா?" என்றேன்.

"இல்ல லா. சரியான புஷ்ஷு அப்படிதான் டைட்டா இருக்கணும். கையால போனா அது புஷ்ஷே இல்ல." அவர் இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். "ஃப்ரீசர்ல வையி. ஐஸ்ல கொஞ்சம் சுருங்கும். நாளைக்கி வந்து நான் மூடிய சூடு காட்டுறேன், அது கொஞ்சம் விரியும். அப்புறம் நேரா இழுத்து உள்ள ஏத்திடலாம். சுத்தியல் வேணாம், ஒண்ணும் வேணாம். யாரும் தொடாதீங்க."

யாரும் தொடாதீங்க. தமிழில்தான் சொன்னார். எல்லார் காதிலும்தான் விழுந்தது.

"நாளைக்கு எத்தன மணிக்கு வருவீங்க?"

"பதினொண்ணு."

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னெண்டு ராகு காலமாச்சே."

ஆ செங் தன் கருவிப் பையை எடுத்து மோட்டார் சைக்கிளில் மாட்டினார். "நாலு மணிக்கி எனக்கு சுங்கைப் பட்டாணியில கல்யாண விருந்து இருக்கு. உங்க ராகுவ கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."

நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். என் தம்பி சேகர் விடவில்லை.

சேகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை. பதினைந்து வருஷ சர்வீஸ். தலையில் குல்லா, கையில் உறை, முகத்தில் மூடி, கண் மட்டும் தெரிகிற வேலை. வருகிற உருப்படியை அளந்து, சரி அல்லது ரிஜெக்ட் என்று சொல்வது. தலைமுடியை இருபதாகக் கிழித்தால் அதில் ஒரு பங்கு கூடினாலும் ரிஜெக்ட். ஒரு முழு லாட்டை, அத்தனை சரக்கையும், அவன் ஒருவனே நிறுத்தியதையும், அதற்காக மேனேஜர் அவன் கையைக் குலுக்கியதையும் எங்கள் சொந்தத்தில் கேட்காத ஆள் கிடையாது. கல்யாண வீட்டில் சொன்னான். கருமாதி வீட்டிலும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு ஷிஃப்ட் இல்லை. நான் மோட்டார் சைக்கிளில் பசாருக்குப் போய்விட்டு வந்தேன். பத்தே முக்கால். முன்கூரைக்குள் நுழைகிறேன். சேகர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். முகத்தில் அந்த மேனேஜர் கை குலுக்கிய களை.

"அக்கா, வேலை முடிஞ்சிச்சு. பத்தரைக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே ரெண்டும் உள்ள போட்டாச்சு. இனிமே ஆ செங் எப்ப வந்தா என்னா, நம்ம வேலய நல்ல நேரத்துல ஆரம்பிச்சிட்டோம்ல."

எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் உறைத்தது.

"எப்படிடா உள்ள போச்சு?"

"டைட்டாதான் இருந்துச்சு. சுத்தியல்ல அடிச்சா ஒடைஞ்சிடும்னு கொஞ்சம் தேய்ச்சேன்."

"எதுல?"

"சேண்ட் பேப்பர்ல."

"எவ்வளவு தேய்ச்ச?"

"கொஞ்சந்தான்."

"கொஞ்சம்னா?"

அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். "உள்ள போற வரைக்கும்."

அப்போதுதான் நான் அந்த ஸ்பேனரைத் தேடினேன்.

மூடியைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு புஷ்ஷும் உள்ளே அழகாகத்தான் உட்கார்ந்திருந்தன. சுண்டுவிரலை விட்டுத் திருப்பினேன். சுற்றியது. மோதிரம் மாதிரி சுற்றியது. ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்து, வட்டம்கூட வட்டமாக இல்லை.

"அளந்தியா?"

"எதுலக்கா அளக்கிறது? மைக்ரோமீட்டரு கம்பெனில இருக்கு."

"வருஷக் கணக்கா வேலை செஞ்சதுக்குப் பரிசுன்னு ஒரு வெர்னியர் கொடுத்தாங்களே. உன் அலமாரியில இருக்குல்ல?"

"அது கிஃப்ட்டுக்கா. இன்னும் பிளாஸ்டிக்க பிரிக்கல."

என்ன சொல்வீர்கள் இதற்கு? நான் சொன்னதை அச்சில் போட முடியாது.

சரியாகப் பதினொரு மணிக்கு ஆ செங் வந்தார். ராகு காலத்தின் நடு மத்தியில். மூடியைப் பார்த்தார். விரலை விட்டார். வெளியே எடுத்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சியாபா பூனியா கெர்ஜா?" என்றார்.

மலாய்க்கு மாறிவிட்டார். யார் செய்த வேலை என்று கேட்கிறார். சேகர் தானாகவே அரை அடி முன்னால் வந்து, சீன முதலாளியைக் கூப்பிடுகிற மரியாதையோடு ஆரம்பித்தான்.

"தவுக்கே, நான்தான். சைடுல பஞ்ச் வச்சு நாலு குத்து குத்தினா நின்னுடும்ல? இல்லாட்டி பசை இருக்குல்ல, நல்ல பசை—"

"நீ பேக்டரில என்னா வேலை?"

"இன்ஸ்பெக்‌ஷன்."

"அங்க இந்த மாதிரி ஒண்ணு வந்தா நாலு குத்து குத்தி அனுப்புவியா?"

"இல்ல தவுக்கே. அங்க ரிஜெக்ட் பண்ணிடுவோம்."

"ஏன்?"

"கஸ்டமருக்குப் போவுதுல்ல."

நான் வாயைத் திறக்கப் போனேன். எனக்கு முன்னால் வாசலில் சக்கர நாற்காலியில் இருந்து குரல் வந்தது.

"டேய் சேகரு. இங்க கஸ்டமரு யாருடா?"

அண்ணன் கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

சேகர் திரும்பிப் பார்த்தான்.

"நான்தான? நாளைக்கி காலையில அந்த வண்டியில ஏறுறது நான்தான? அத கொண்டா இங்க."

ஆ செங் இரண்டு புஷ்ஷையும் கட்டை விரலாலேயே வெளியே தள்ளி — அவ்வளவு லூசு — அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தங்க நகையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ரிஜெக்ட்," என்றார்.

"அண்ணே..."

"ரிஜெக்ட்னா ரிஜெக்ட்தான்டா. வேற செஞ்சி கொண்டா. ஃபாரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, உங்க கம்பெனில எப்படி குடுப்பியோ அப்படி குடு."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் வலது கை, இடது கையை — அந்த ஊசி குத்துகிற கையை — மெல்லத் தடவிக்கொண்டிருந்தது. அவருக்கே தெரியாமல். அதை நான் பார்த்தேன். சேகரும் பார்த்தான்.

பினாங்குக் கடையில் இருந்ததே அந்த ஒரு ஜோடிதான், இன்னொன்று வரவழைக்க மூன்று நாள் ஆகும். சனிக்கிழமை மூன்று நாளுக்குக் காத்திருக்காது. மையத்துக்கு போன் செய்தேன். அவர்களுடைய வண்டி முன்கூட்டியே பதிய வேண்டும், சனிக்கிழமை முழுக்க ஆள் நிறைந்துவிட்டது என்றார்கள். அவர்களைச் சொல்லித் தப்பில்லை.

சேகர்தான் சொன்னான். "ராஜு பட்டறையில லேத் இருக்கு. வெண்கலத் துண்டு கிடைச்சா நானே கடைஞ்சிடுவேன், பழகுன வேலதான்."

ராஜு அவனோடு முன்பு வேலை செய்தவன். இப்போது டவுனுக்குப் பக்கத்தில் சொந்தமாகச் சின்ன லேத் பட்டறை. ஆ செங் கடிகாரத்தைப் பார்த்தார். "வளையத்த மட்டும் செஞ்சிக் கொண்டா. ஏத்துறது நான். இந்த மூடியையும் தூக்கிட்டுப் போ, தொளைய அளக்காம எப்படிக் கடைவ?"

இப்படியாக, வெள்ளிக்கிழமை நண்பகல் வெயிலில் ஒரு காட்சி. முன்னால் சேகர் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். பின்னால் நான், மடியில் கியர் பெட்டியின் மூடியைத் துண்டில் சுற்றி, பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு. தொழிற்சாலை பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வழி நெடுக நான் சேகரைத் திட்டிக்கொண்டே போனேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் பாதிதான் அவனுக்குக் கேட்டிருக்கும். அது அவன் அதிர்ஷ்டம்.

பட்டறையில் நடந்ததுதான் என் கோபத்தை இரண்டு மடங்காக்கியது.

ராஜு வெண்கலத் துண்டைத் தேடிக் கொடுத்தான். சேகர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். மேசையைத் துடைத்தான். மைக்ரோமீட்டரின் வாயைச் சுத்தமான துணியால் துடைத்து, வெறுமனே மூடிப் பூஜ்யம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். துளையை மூன்று இடத்தில் அளந்தான். ஒவ்வொரு இடத்திலும் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. ஒவ்வொன்றையும் எழுதினான். பிறகு லேத்தில் கடைந்தான். கொஞ்சம் எடுத்துவிட்டு நிறுத்தினான்.

"ஏன் நிறுத்தின? அளந்து பாரேன்," என்றேன்.

"சூடா இருக்குக்கா. சூட்டுல அளந்தா பெருசாத்தான் காட்டும். ஆறட்டும்."

ஆறட்டுமாம். காலையில் பத்தரைக்குள் முடிக்க வேண்டும் என்று இரண்டு புஷ்ஷைச் சிரைத்த அதே ஆள். இந்த மனிதன் காலையில் எங்கே போயிருந்தான்? பதினைந்து வருஷமாக இந்த வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு, சொந்த அண்ணனுக்கு மட்டும் எதற்காக 'உள்ள போற வரைக்கும்' தேய்த்தான்?

கேட்டே விட்டேன்.

"உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கேடா. அப்புறம் ஏன்டா?"

அவன் லேத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வீட்டு வேலைதானேன்னு..."

ராஜு அந்தப் பக்கம் திரும்பி எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தான்.

நான் அதற்கு மேல் திட்டவில்லை. நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில்தான் இன்னும் திட்டியிருக்க வேண்டும். ஆனால் மூன்று மாதம் ரேடியோவைச் சத்தமாக வைத்தவள் நான். நானும் அதே 'தானே'தான். நம்ம வேன்தானே. நம்ம அண்ணன்தானே.

இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். துளையைவிட அரை முடி அளவு பெரிதாக இரண்டு புதுப் புஷ். சேகர் நோட்டுத் தாளில் துளை அளவு, புஷ் அளவு, தேதி எல்லாம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அண்ணனிடம் நீட்டினான். அண்ணன் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "ம்" என்றார்.

புஷ் ஃப்ரீசருக்குப் போனது, தஞ்சோங் டாவாயிலிருந்து வந்த மீனுக்குப் பக்கத்தில். அது குளிரும் வரைக்கும் முக்கால் மணி நேரம் ஆ செங் எங்கள் வீட்டில் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டார். பிறகு அவர் குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, அதே அடுப்பில் மூடியை வைத்துச் சூடு காட்டினார். தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்றது. துளை வாயில் புஷ்ஷை நேராக வைத்து, நீளமான போல்ட்டை நடுவே விட்டு, இரண்டு பக்கமும் தடித்த வாஷர் போட்டு, நட்டை முறுக்கினார். சுத்தியல் இல்லை. சத்தம் இல்லை. கால் சுற்று, கால் சுற்று. புஷ் கோணாமல், முனகாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. சூடு ஆறியதும் நான் சுண்டுவிரலை விட்டுத் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. என் நகம்தான் வலித்தது.

தண்டை விட்டுப் பார்த்தார். தண்டு நுழையவில்லை.

நான் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். "மறுபடியுமா?"

"பயப்படாத லா. வெளிய இறுக்கினா உள்ள கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும்." பெட்டியிலிருந்து ரீமரை எடுத்தார். துளைக்குள் விட்டுத் திருப்பினால் பூப்போலச் சுரண்டி எடுக்கும் கருவி. சேகரிடம் நீட்டினார். "நீ செய்யி. உனக்குத்தான் பொறுமை இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

குத்தல்தான். சேகர் வாங்கிக்கொண்டான். ஒரு சுற்று, வெளியே எடு, துடை, தண்டை விட்டுப் பார். மறுபடி ஒரு சுற்று. ஆ செங்கின் போன் நாலு மணிக்கு அடிக்க ஆரம்பித்தது. அவர் மனைவி. எடுத்தார், "கெஜாப் லாகி" என்று சொல்லி வைத்தார். இன்னும் கொஞ்ச நேரம். அந்த 'கொஞ்ச நேரம்' ஐந்து தடவை நடந்தது. கடைசியில் தண்டைச் செங்குத்தாகப் பிடித்துக் கையை விட்டார்கள். விழவில்லை, நிற்கவும் இல்லை. தேனில் கரண்டி இறங்குவதுபோல் தானாகவே மெதுவாக இறங்கியது.

ஆ செங் அதைப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரே வார்த்தை: "ஹ்ம்."

கியர் பெட்டியை மேலே ஏற்றி முடிக்க ஆறு மணி ஆகிவிட்டது. அவர் கல்யாண விருந்தில் முதல் நாலு பதார்த்தம் போயிருக்கும். அதற்கு இன்னும் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை காலை. ஆறு மணி. கிளட்ச்சை மிதித்தேன். வெண்ணெய். கியர் போட்டேன். விழுந்தது. அதே ட்ராஃபிக் லைட்டில் நின்றேன், பச்சை விழுந்ததும் புறப்பட்டேன். அவ்வளவுதான். உலகத்தில் பாதிப் பேர் தினமும் இதைச் செய்கிறார்கள், அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில்தான், வேறு எதிலும் இல்லை.

சேகரும் கூட வந்தான். யாரும் கூப்பிடவில்லை. அவனாகவே பின்னால் ஏறி நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷத்தில் மையத்துக்குள் அவன் காலை வைத்தது அன்றைக்குத்தான்.

உள்ளே தாதி அண்ணனை நாற்காலியோடு எடை போட்டாள். எழுதினாள். மறுபடி எடை போட்டாள். கையைத் தொட்டுப் பார்த்தாள், ஸ்டெதஸ்கோப்பை வைத்து அதில் ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டாள். இன்னொரு தாதி வந்து அதே எண்களைத் திரும்பப் படித்துச் சரி பார்த்தாள். சேகர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். தொழில்காரன் அல்லவா, அவனுக்குப் புரியும்.

"ரெண்டு பேரு செக் பண்றாங்கக்கா," என்றான் என்னிடம், மெல்ல.

"ஆமா. வாரத்துக்கு மூணு தடவ."

ஊசி ஏறும்போது அண்ணன் எப்போதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். அன்றைக்கு சேகர் அந்தப் பக்கம் போய் நின்றான். அண்ணன் அவனைப் பார்த்துவிட்டு, "என்னாடா, என்னைய அளக்கப் போறியா?" என்றார். சேகர் சிரித்தான். அழுத மாதிரியும் இருந்தது. நான் டீ வாங்கப் போய்விட்டேன்.

இந்த ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சேகர் மட்டுமா? நாள் முழுக்க ஹோட்டல் சமையலறையில் கையுறை போட்டு வெட்டுகிறவர், வீட்டில் கேஸ் குழாயை ரப்பர் பேண்டு போட்டு இறுக்குகிறார். கம்பெனியில் எலக்ட்ரிக் வேலைக்கு மூன்று கையெழுத்து வாங்குகிறவர், கோயில் திருவிழாவுக்கு ஒயரை இணைத்துப் பிளாஸ்டிக் பையைச் சுற்றுகிறார். மற்றவர்கள் மாத்திரையை மணி தவறாமல் கொடுக்கிற தாதி, தன் மாத்திரையைக் கைப்பையில் மறந்துவிட்டுத் திரிகிறாள். நம் கைக்கு வேலை தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் கையை நாம் வீட்டு வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறோம்.

முதலாளிக்குத் தெரிந்தால் திட்டுவான். வெளிநாட்டு கஸ்டமர் திருப்பி அனுப்புவான். வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? சகித்துக்கொள்வார்கள். அதனால்தான் அரைகுறை எல்லாம் அவர்கள் பங்குக்கு வருகிறது. நம்மை அதிகம் நம்புகிறவர்களுக்கு மட்டும் நாம் எதையும் அளப்பதில்லை.

சேகருக்கு நேற்றே சொல்லிவிட்டேன். கம்பெனி சட்டையைப் போட்டால்தான் கவனம் வரும் என்றால், வீட்டு வேலைக்கும் அதையே போட்டுக்கொண்டு வா.

துவைத்துப் போட நான் இருக்கிறேன்.